புலப்படத்துல மேடு பள்ளம் இருக்காது

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா எழுதிடுறேன். தாம்பரத்துக்கு மேற்கே அடையாறு பக்கமா ஒரு தனி வீடு பாத்திருக்கீங்க, பட்டா க்ளியர், அப்ரூவல் இருக்கு, பேங்க்ல லோனுக்கு ஓகே சொல்லிட்டாங்க, மாடில நின்னா ஏரி தெரியுது, வீட்டம்மாவுக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு, ஆனா 2015ல அந்தப் பக்கம் வெள்ளம் வந்துச்சுன்னு ஆளாளுக்கு பயமுறுத்துறாங்க, வாங்கலாமா வேணாமா. கூடவே கடைசில ஒரு வரி போட்டிருந்தீங்க, "அங்க அசோசியேஷன், கிராம சபை, மனுன்னு ஏதேதோ நடக்குதாம், எனக்கு அதுலல்லாம் இண்ட்ரஸ்ட் இல்ல, வேலைக்குப் போய்ட்டு வந்து நிம்மதியா இருந்தா போதும்"னு.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், இல்லன்னா ரெண்டு வரில முடிச்சிருப்பேன்.

நான் நில அளவைல 31 வருஷம் வேலை பாத்தவன். சர்வேயர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் பூரா சங்கிலி இழுத்திருக்கேன், கல்லு தேடி முள்ளுக்குள்ள பூந்திருக்கேன், அண்ணன் தம்பி வரப்புத் தகராறுல நடுவுல நின்னு திட்டும் வாங்கியிருக்கேன். அப்படிப்பட்டவன் 1998ல ஒரு கிரவுண்ட் இடம் வாங்கினேன், உங்க வீட்டுல இருந்து ஒரு மூணு கிலோமீட்டர் தள்ளித்தான். வாங்குறதுக்கு முன்னாடி நானே அளந்தேன், நிலம் என்ன வகை, தீர்வை எவ்ளோன்னு எழுதியிருக்கற அ-பதிவேடு பாத்தேன், சர்வே நம்பரை அளவோட வரைஞ்சிருக்கற புலப்படம் எடுத்துப் பாத்தேன், ஈசி, அதாவது வில்லங்கச் சான்று போட்டேன். ஒரு குறை கெடையாது. யாரும் என்னை ஏமாத்தல. 2015 டிசம்பர் 1ம் தேதி ராத்திரி என் வீட்டு ஹால்ல இடுப்பளவு தண்ணி.

இதுல என்னோட தப்பு என்னன்னு யோசிச்சா, அ-பதிவேட்டுல "நஞ்சை"ன்னு எழுதியிருந்துச்சு, நானும் அதைப் படிச்சேன், தீர்வை எவ்ளோன்னு பாக்குற கண்ணால படிச்சுட்டு அடுத்த பக்கம் போய்ட்டேன். நஞ்சைன்னா என்ன? ஏரி மதகைத் திறந்தா மோட்டாரு இல்லாம ஏத்தம் இல்லாம தண்ணி தானா வந்து நிக்கிற இடம். அதாவது நூத்துக்கணக்கான வருஷமா தண்ணி வரட்டும்னே விட்டு வெச்சிருக்கற பள்ளம். அதுல நெல்லு போட்டா தண்ணி நின்னா சந்தோஷம், வீடு கட்டினா அதே தண்ணிக்கு பேரு வெள்ளம். சட்டப்படி அது பட்டா நிலம், ஆக்கிரமிப்பு கெடையாது, மனையா மாத்த அனுமதி வாங்கலாம், எல்லாம் சரி. ஆனா புலப்படத்துல நீளம் இருக்கும், அகலம் இருக்கும், மூலைக்கு மூலை அளவு இருக்கும், எந்தக் கல்லு எங்கன்னு இருக்கும், மேடு பள்ளம் மட்டும் இருக்காது. நாங்க அளக்குறது எல்லாமே தட்டையாத்தான். அதைப் பாத்து வாங்குறவங்களும் தரை தட்டைன்னு நெனச்சுத்தான் வாங்குறாங்க. நான் ஏப்ரல் மாசம் போய் பாத்தேன், காஞ்சு கெடந்துச்சு, அறுத்த தாளடி நின்னுச்சு, ரெண்டு மாடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அவ்ளோதான்.

இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லைங்க, அதுதான் வெக்கம். நான் பொறந்தது மதுராந்தகத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊரு. அப்பாவுக்கு ஏரிக்குக் கீழ ஒண்ணரை ஏக்கர். மதுராந்தகம் ஏரி கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஏரி காத்த ராமர் கோயில், 1798ல கலெக்டரா இருந்த லயோனல் பிளேஸ் மழை ராத்திரில கரை உடைஞ்சிடுமோன்னு போய் பாத்தப்ப வில்லோட ரெண்டு பேரு கரையில காவல் நின்னாங்கன்னு சொல்வாங்க. அது நம்பிக்கை, அதைப் பத்தி நான் பேச வரல. மழை ராத்திரில கரைக்கு ஆள் போகணுங்கறது மட்டும் எங்க ஊர்ல கதை இல்ல, நிஜம். ஐப்பசி கார்த்திகைல ராத்திரி பறை சத்தம் கேட்டா வீட்டுக்கு ஒரு ஆம்பளை மண்வெட்டியோட, வைக்கோல் பிரியோட, சாக்கோட கரைக்குப் போகணும். அப்பா போவாரு, நான் பின்னாடியே அரிக்கேன் லைட் தூக்கிட்டுப் போவேன். கரையில எங்கயாவது கசிஞ்சா அடைக்கணும், கலங்கல்ல, அதாவது ஏரி நெறைஞ்சா மிச்சத் தண்ணி வழியுற எடத்துல, குப்பை அடைச்சுக்கிட்டா எடுக்கணும். தண்ணி கலங்கல் தாண்டிப் போற சத்தம் கேட்டா அப்பா "கோடி போய்டுச்சுடா"ன்னு ஒரு மாதிரி நிம்மதியா சொல்வாரு. ஏரி நெறைஞ்சு மிச்சம் வழியா போய்டுச்சு, இனிமே கரைக்கு பயம் இல்லன்னு அர்த்தம். அந்த மிச்சத் தண்ணி அடுத்த ஊரு ஏரிக்குப் போகும், அதுல இருந்து அதுக்கு அடுத்ததுக்கு. தமிழ்நாட்டுல இருக்கற கிட்டத்தட்ட 39,000 ஏரி கண்மாய்ல பெரும்பாலானது இப்படி ஒண்ணுக்கொண்ணு தொடுப்பு வெச்சதுதான்.

இதைச் சொன்னா உடனே "அந்தக் காலத்துல எவ்ளோ ஒத்துமை பாருங்க, ஊரே சேந்து ஏரியைப் பாத்துக்கிட்ட குடிமராமத்து"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. கொஞ்சம் இருங்க. எங்க ஊர்ல மதகு தெறக்கறது மூடறது, எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணின்னு பாத்து விடறது எல்லாம் நீர்க்கட்டி வேலை. அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு அந்த ஏரியை எந்த இன்ஜினியருக்கும் தெரியாது. அவருக்கு வீடு சேரியில, ஊரோட தாழ்ந்த பக்கத்துல, முதல் தண்ணி அவரு வீட்டுக்குத்தான் வரும். களத்துல நெல்லு அளக்கும்போது அவரு பங்கு கடைசில, அதுவும் பதரோட. 1858ல வெள்ளைக்காரன் குடிமராமத்துக்குன்னு ஒரு சட்டம் போட்டான், அதுக்கு பேரே கட்டாய உழைப்புச் சட்டம். அதனால பழசு எல்லாம் பொன்னுன்னு நான் சொல்ல வரல. ஆனா ஒண்ணு, தண்ணி எங்க இருந்து வந்து எங்க போகுதுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். பழைய ஊரு நத்தம், அதாவது சனங்க குடியிருக்கற எடம், எப்பவும் மேட்டுல இருக்கும், கோயில் மேட்டுல இருக்கும், நஞ்சை பள்ளத்துல இருக்கும், யாரும் பள்ளத்துல போய் வீடு கட்ட மாட்டாங்க, கட்ட வேண்டிய நெலமைல இருக்கறவங்களைத் தவிர.

சரி, 2015க்கு வரேன். அந்த வருஷம் ஜூன்ல ரிட்டயர் ஆனேன். வந்த காசுல வீட்டுக்குப் புதுசா டைல்ஸ் போட்டேன், சமையல் ரூம்ல மரவேலை பண்ணேன். நவம்பர் நடுவுலயே ஒருதடவை தெருவுல முழங்கால் தண்ணி வந்துச்சு, வடிஞ்சுது, "இவ்ளோதான்"னு நெனச்சோம். டிசம்பர் 1ம் தேதி காலைல புடிச்ச மழை. மறுநாள் காலை வரைக்கும் 24 மணி நேரத்துல தாம்பரத்துல பதிவானது 49 சென்டிமீட்டர். சாயங்காலம் கரண்ட் போச்சு. தண்ணி வாசப்பக்கமா வரும்னு மணல் மூட்டை போட்டு வெச்சோம், அது பின்பக்கம் பாத்ரூம் குழில இருந்து பொங்கி வந்துச்சு. அரை மணில கட்டில் மெதக்குது. என் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் காம்பவுண்ட் சுவரு விஷயமா ஏழு வருஷமா பேச்சு வார்த்தை இல்ல, நான் சர்வேயர்ங்கறதால ஒரு முக்கால் அடிக்கு நான் விடல. அவருக்கு மாடி இருந்துச்சு, எனக்கு இல்ல. அவருதான் டார்ச் அடிச்சு கூப்பிட்டாரு. அந்த மாடில ரெண்டு நாள் 23 பேரு இருந்தோம். முக்கால் அடி இன்னிக்கும் அவருகிட்டதான் இருக்கு.

இந்த இடத்துல ஒரு விஷயத்தைச் சரி பண்ணியாகணும், ஏன்னா உங்ககிட்டயும் யாராவது சொல்லியிருப்பாங்க. 2015 வெள்ளம்னா எல்லாரும் செம்பரம்பாக்கம்னு சொல்லுவாங்க, அன்னிக்கு ராத்திரி 29,000 கன அடி தெறந்துவிட்டாங்க, அதனாலதான் எல்லாம்னு. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டைக்கு அது பெரிய காரணம், சரி. ஆனா செம்பரம்பாக்கத்து உபரி அடையாத்துல வந்து சேர்றது திருநீர்மலைப் பக்கம். எங்க பக்கத்து முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அதுக்கு மேல, ஆத்தோட தலைமாட்டுல இருக்கு. எங்களுக்கு வந்தது செம்பரம்பாக்கம் தண்ணி இல்ல. ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம்னு சுத்தி இருக்கற ஏரிங்க நெறைஞ்சு, கோடி போய், அந்த மிச்சமும் பெய்யுற மழையும் சேந்து ஆறு கொள்ளாம எங்க தெருவுக்கு வந்தது. யாரோ ஒரு அதிகாரி ஒரு ராத்திரி ஷட்டர் தெறந்ததாலன்னு சொன்னா கோவப்பட ஒரு ஆளு கெடைப்பாரு. எங்க கேஸ்ல அப்படி ஒரு ஆளு இல்ல, வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும் முப்பது வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சுருங்குனதுதான், அதுல எல்லாருக்கும் ஒரு பங்கு இருக்கு.

எங்களுக்கு இருந்த பங்கு என்னன்னு சொல்றேன். தண்ணி வடிஞ்சு, பாயெல்லாம் தூக்கிப் போட்டு, ஃபிரிட்ஜுக்குள்ள செத்துக் கெடந்த கெளுத்தி மீனை எடுத்துப் போட்டு, பொங்கல் எல்லாம் முடிஞ்சப்புறம் நானும், தெருக்கோடில இருக்கற ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆன ஒருத்தரும், ஒரு டீச்சரம்மாவும் மூணு பேரா ஒரு ஞாயித்துக்கெழமை புலப்படத்தை பிரிண்ட் எடுத்துக்கிட்டு தண்ணி வந்த வழியிலயே மேல நோக்கி நடந்தோம். கால்வாய் புறம்போக்கு பேப்பர்ல 12 மீட்டர் அகலம். நெலத்துல ஒரு எடத்துல 9, அப்புறம் 5, ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி ரெண்டரை. ரோட்டுக்கு அடியில கல்வெர்ட்டுன்னு ரெண்டு சிமெண்ட் பைப்பு, அதுல ஒண்ணுல மெத்தை ஒண்ணு மாட்டியிருக்கு, நிஜமா மெத்தை. திட்டிக்கிட்டே நடந்து திரும்பி எங்க நகருக்கு வந்தா, கால்வாய் எங்க நகர் பார்க்குக்குள்ள போகுது. பார்க்குன்னா நாங்களே வசூல் பண்ணி மண்ணு கொட்டி ஊஞ்சல் போட்ட பார்க், அதுக்கு மூலையில ஒரு பிள்ளையார் கோயில், கும்பாபிஷேகத்துக்கு நான்தான் கல்வெட்டுல பேரு போட்டுக்கிட்டேன். டீச்சரம்மா என்னைப் பாத்தாங்க. "சார், இதை நீங்க அளக்கலையா?"ன்னாங்க. அளக்கல.

பிள்ளையாரை நகத்த ரெண்டு வருஷம் ஆச்சு. மத்ததையெல்லாம் விட அதுதான் கஷ்டமா இருந்துச்சுன்னு நெனைக்காதீங்க, அது நம்ம கையில இருந்த விஷயம், முடிஞ்சுது. மத்தது யாரு கையில இருக்குன்னு கண்டுபுடிக்கவே ஒரு வருஷம். நீங்க மாடில இருந்து பாக்குறீங்களே அந்த ஏரி, அது யாருதுன்னு நெனைக்கிறீங்க? ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணி பாயுற நிலம், 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, கம்மின்னா ஊராட்சி ஒன்றியம். நிலத்தோட பதிவேடு வருவாய்த்துறை. கல்வெர்ட்டு நெடுஞ்சாலைத்துறை. கரைமேல எரியுற தெருவிளக்கு ஊராட்சி. ஏரில கலக்குற கழிவுநீருக்கு மாசுக் கட்டுப்பாடு வாரியம்னு ஒரு ஆபீஸ்ல சொன்னாங்க, அவங்க உள்ளாட்சின்னு சொன்னாங்க. திங்கக்கெழமை குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுத்தா ஒரு நம்பர் வரும், அந்த நம்பரைப் புடிச்சுக்கிட்டு அடுத்த திங்கக்கெழமை போகணும். நான் மேஜைக்கு அந்தப் பக்கம் 31 வருஷம் உக்காந்தவன், இந்தப் பக்கம் நின்னப்பதான் ஃபேன் அங்க மட்டும் இருக்குன்னு கவனிச்சேன்.

சட்டம் இல்லாம இல்ல. 2007ல ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம்னே ஒண்ணு இருக்கு, அளந்து எல்லை போட்டு நோட்டீஸ் கொடுத்து எடுக்கலாம். கோர்ட் தீர்ப்புகளும் நெறைய. ஆனா எடுக்கறாங்கன்னா யாரை முதல்ல எடுக்கறாங்கன்னு பாருங்க. 2015க்கு அப்புறம் அடையாத்துக் கரையோரம் குடிசை போட்டு இருந்தவங்களைத்தான் முதல்ல தூக்கி பெரும்பாக்கத்துக்கு அனுப்பினாங்க. பெரும்பாக்கம் எங்க இருக்கு? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்து ஓரத்துல. 2022ல ராம்சார் தளம்னு, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அறிவிச்ச அதே சதுப்பு நிலம். ஒரு வெள்ளத்துல இருந்து காப்பாத்தி இன்னொரு வெள்ளத்துக்குக் கொண்டுபோய் விட்டாங்க, வேலைக்குப் போற தூரம் வேற அவங்களுக்கு. கல்யாண மண்டபத்துக்கு ஸ்டே வாங்க வக்கீல் இருக்காரு, குடிசைக்கு யாரு இருக்கா. எங்க கூட்டத்துலயும் "கால்வாய் ஓரம் இருக்கற அந்த ஏழெட்டு குடிசையை மொதல்ல எடுங்க"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சாரு, அப்ப டீச்சரம்மா எழுந்து மொதல்ல பார்க்கை எடுங்க அப்புறம் பேசுங்கன்னாங்க. அன்னைக்கு கூட்டத்துல ஒரு பத்து பேரு எழுந்து போய்ட்டாங்க, இன்னிவரைக்கும் அவங்க வர்றதில்ல.

எங்களுக்கு கடைசில வழி கெடைச்சது கிராம சபைலதான். நீங்க பாத்திருக்கற இடம் ஊராட்சியா மாநகராட்சியான்னு மொதல்ல பாருங்க, தாம்பரம் 2021ல மாநகராட்சி ஆச்சு, ஆனா சுத்துவட்டாரத்துல ஊராட்சியா இருக்கற இடமும் உண்டு. ஊராட்சின்னா முன்னாடி வருஷத்துக்கு நாலு கிராம சபை, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022ல இருந்து மார்ச் 22, நவம்பர் 1 சேத்து ஆறு. மார்ச் 22 உலக தண்ணீர் தினம், அன்னிக்கு ஏரி கால்வாய் பேசினா யாரும் "இது அஜெண்டால இல்ல"ன்னு சொல்ல முடியாது. மாநகராட்சின்னா ஏரியா சபைன்னு ஒண்ணு வந்திருக்கு. பேரை முதல்தடவை கேட்டப்ப எங்க ரயில்வே நண்பர் "ஏரியைப் பத்தி பேசுற சபையா?"ன்னு கேட்டாரு, அப்படியே இருந்தா நல்லாத்தான் இருக்கும். முதல் கிராம சபைக்கு எங்க நகர்ல இருந்து போனது மூணே பேரு, அங்க ஏற்கனவே நூறு நாள் வேலைக்கு வர்ற அம்மாங்க நாப்பது பேரு உக்காந்திருந்தாங்க, எந்த மதகு எப்ப அடைஞ்சுதுன்னு அவங்களுக்கு விரல் நுனியில இருக்கு, நாங்க லேமினேட் பண்ண மேப்பை வெச்சுக்கிட்டு முழிச்சோம். தீர்மானத்தை எழுத வெச்சது அவங்கதான். தீர்மானம் போட்டதும் கால்வாய் அகலமாகிடல, ஆனா அந்த தீர்மான நகலை வெச்சுத்தான் அளவீடு செய்ய வெச்சோம், அளவீட்டை வெச்சுத்தான் கல்வெர்ட்டை மாத்தச் சொல்லி கேக்க முடிஞ்சுது. பைப்பு ரெண்டும் போய் பெட்டிக் கல்வெர்ட்டு வந்துச்சு. கல்யாண மண்டபம் அப்படியேதான் இருக்கு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப தண்ணி என் வீட்டு ரெண்டாவது படி வரைக்கும் வந்து நின்னுச்சு, உள்ள வரல. எங்க வேலையாலதான்னு நான் மார் தட்ட மாட்டேன். அந்த மழை வேற, இந்த மழை வேற, நடுவுல அடையாத்தையும் அகலப்படுத்தினாங்க. முடிச்சூர், வரதராஜபுரத்துல அப்பவும் நெறைய தெருவுல தண்ணி நின்னுச்சு, எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி கீழ் பக்கம் இருக்கறவங்க வீட்டுக்குள்ள போச்சு. எங்க கிட்ட நிக்காம வேகமா போன தண்ணிதான் அவங்களுக்கு சீக்கிரம் போய் சேந்துதோன்னு எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு. அவங்க அசோசியேஷன் ஆளுங்களும் இப்ப எங்களோட வராங்க, அதுல எங்க மேல கொஞ்சம் கோவமும் இருக்கு.

இப்ப நீங்க வீடு பாக்குற விஷயம். பேப்பரை வக்கீல் பாத்துக்குவாரு, அதை விடுங்க. அ-பதிவேட்டுல பழைய வகைப்பாடு என்னன்னு நீங்களே பாருங்க, நஞ்சைன்னா எந்த ஏரி ஆயக்கட்டுன்னு கேளுங்க, பக்கத்து சர்வே நம்பர்ல ஓடை, வாய்க்கால், ஏரின்னு புறம்போக்கு எங்க எங்க இருக்குன்னு பாருங்க, உங்க மனைக்கும் அதுக்கும் எத்தனை மீட்டர்னு பாருங்க. கிராம நத்தம் எங்கன்னு கேட்டு அங்க போய் நில்லுங்க, அங்க இருந்து உங்க வீட்டுக்கு நடந்து வரும்போது எறங்குறீங்களா ஏறுறீங்களான்னு கால் சொல்லும். பழைய ஆளுங்க கூப்பிடுற பேரு என்னன்னு கேளுங்க, நகர் பேரு என்ன வேணா இருக்கலாம், பின்னாடி தாங்கல், ஏந்தல், மடு, ஓடைன்னு வந்தா அது எதுக்கு வந்துச்சுன்னு யோசிங்க. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு இருக்கு, லேக்கைத் தேடினா கெடைக்காது, அந்த ஏரியைத் தூத்துத்தான் 1920கள்ல தியாகராய நகரே வந்துச்சு. சுவத்துல பெயின்ட் புதுசா அடிச்சிருப்பாங்க, கறை தெரியாது, ஆனா தெருவுல இருக்கற கரண்ட் பெட்டி எவ்ளோ உயரத்துல மேடை கட்டி வெச்சிருக்காங்கன்னு பாருங்க, 2015க்கு அப்புறம் மாத்தினதுன்னா அந்த உயரம் சும்மா வெச்சதில்ல. ரோடு மட்டம் எவ்ளோ, வீட்டுத் தரை மட்டம் எவ்ளோ. பழைய ரோட்டை சுரண்டாம மேலயே தார் போட்டு போட்டு வீடெல்லாம் பள்ளமாகுற கூத்து இங்க ரொம்ப நாளா நடந்துச்சு, 2021ல சுரண்டிட்டுத்தான் போடணும்னு தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டாரு, அப்படியும் கண்ணு வெச்சுக்கிட்டு நிக்கணும், விடியக்காலை மூணு மணிக்கு போட்டுட்டுப் போயிருவாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2019 ஜூன்ல எங்க பக்கம் போர்லல்லாம் காத்து வந்துச்சு. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு நாலும் சேத்து 11 டிஎம்சி கொள்ற ஏரிங்க வறண்டு போய், ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க. நாலு வருஷம் முன்னாடி மூழ்கின அதே தெருவுல லாரித் தண்ணிக்கு குடத்தோட சண்டை. என் வீட்டுல அப்பா பேச்சைக் கேட்டு கட்டும்போதே ஒரு உறைக் கிணறு போட்டிருந்தேன், மாடி மழைத்தண்ணி பூரா அதுக்குத்தான் போகும், அந்த ஜூன்ல அதுல ரெண்டு உறை அளவுக்கு தண்ணி கெடந்துச்சு. பெருமையா இருந்துச்சு, அப்புறம்தான் பக்கத்து ஏரில கொஞ்சம் தண்ணி நின்னதாலதான் என் கிணத்துல ஊறுதுன்னு புரிஞ்சுது. ஏரியோட தண்ணிமட்டமும் கிணத்தோடதும் ஒண்ணா எறங்குது ஒண்ணா ஏறுது, நான் நோட்டு போட்டு எழுதிட்டு வரேன். அந்த ஏரிக்கு வரத்துக் கால்வாய் அடைஞ்சா எனக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, போக்குக் கால்வாய் அடைஞ்சா படுக்க எடம் இல்ல. ரெண்டு கால்வாயும் என் காம்பவுண்டுக்கு வெளிய இருக்கு.

அதனாலதான் உங்க கடைசி வரி எனக்கு இடிச்சுது. வேலை முடிஞ்சு வந்து நிம்மதியா இருக்கணும்ங்கறது நியாயமான ஆசை, நானும் அதுக்குத்தான் வாங்கினேன். ஆனா அதுக்கு மேட்டுல வாங்கணும். பள்ளத்துல வாங்கிட்டு கூட்டத்துக்கு வர மாட்டேன்னா அங்க ஒத்து வராது. எங்க ஊருக்குப் பக்கத்துல உத்திரமேரூர் கல்வெட்டு இருக்கு, பராந்தக சோழன் காலம், 919, 921. குடவோலை போட்டு ஆள் எடுப்பாங்க, அதுல ஏரி வாரியம்னு தனியா ஒண்ணு. யாரு நிக்கலாம்னா கால் வேலி (வேலிங்கறது பழைய நில அளவு) நிலம் வேணும், சொந்த மனையில வீடு கட்டிக் குடியிருக்கணும், கணக்கு காட்டாம ஏமாத்தினவனும் அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாது. நிலம் இல்லாதவனுக்கும் பொம்பளைங்களுக்கும் அதுல எடமே இல்ல, அந்த லட்சணம் தெரியும். ஆனா எனக்கு அதுல பிடிச்ச விஷயம், வீடு கட்டினவன் ஏரியைப் பாத்துக்கணும்னு அவங்க ரெண்டையும் ஒரே மூச்சுல எழுதியிருக்காங்க. நமக்கு வீடு ஒரு ஆப்ல இருக்கு, ஏரி வேற ஆப்ல.

ஏரி வியூ பத்தி ஒரு வார்த்தை. பச்சைப் பசேல்னு இருக்குன்னு எழுதியிருந்தீங்க. அது ஆகாயத்தாமரையா இருந்தா சந்தோஷப்படாதீங்க, சாக்கடை கலக்குதுன்னு அர்த்தம், அப்படி மண்டினா கொசு நிச்சயம். காலைல ஆறு மணிக்கு போய் நில்லுங்க, முக்குளிப்பான் முங்கி முங்கி எழுந்துச்சுன்னா, நத்தைகுத்தி நாரை ஓரமா நின்னு பொறுக்குச்சுன்னா இன்னும் உயிர் இருக்கு. வேடந்தாங்கல்ல பறவை எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம்னு தெரிஞ்சுதான் அந்த ஊர்க்காரங்க பறவையைச் சுடக்கூடாதுன்னு கேட்டு 1798லயே அதே பிளேஸ் கலெக்டர்கிட்ட எழுதி வாங்கினாங்க. அவங்க வயலு அதை நம்பி இருந்துச்சு, அதனால போய் கேட்டாங்க. 2020ல அந்த சரணாலயத்து எல்லையைச் சுருக்கணும்னு ஒரு பேச்சு வந்தப்பவும் எதிர்ப்பு பலமா கெளம்புச்சு.

வாங்கலாமான்னா, எனக்கு இன்னும் உங்க வீட்டைப் பாக்காம சொல்ல மனசில்ல. தரை மட்டம் ரோட்டுக்கு மூணு அடி மேல இருந்து, வாய்க்கால்ல இருந்து தள்ளி இருந்து, மேல ஒரு மாடி இருந்தா, அதோட நீங்க அந்தக் கூட்டத்துல வந்து உக்கார தயாரா இருந்தா வாங்கலாம்னு சொல்வேன். அட்வான்ஸ் மட்டும் இப்ப கொடுத்துடாதீங்க, ஓனரு அவசரப்படுத்தினா அவருக்கு அந்த அவசரம் எதுக்குன்னு கேளுங்க. ஐப்பசி மழை ஒண்ணு பெரிசா பெஞ்சு விட்ட மறுநாள் காலைல வாங்க, ஷூ போட்டு வராதீங்க, பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிற மாதிரி வாங்க, சர்வே நம்பர் மட்டும் முன்னாடியே அனுப்பிடுங்க, பக்கத்து நம்பருங்களையும் சேத்து புலப்படம் நான் எடுத்து வெச்சுடுறேன்.